மூன்றாம் படி

'எழுத்துப் பட்டறை' என்று போர்டில் எழுதிய அன்று
"வெல்டிங் உண்டா டீச்சர்?" என்று கேட்டவன்
சோனைமுத்து.

செல்லூர் மாநகராட்சிப் பள்ளி,
நாலாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
மதியம் ரெண்டு மணிக்குப் பெஞ்சுகள்
சுவரோரம் போய்விடும்.
தரையில் வட்டம். நடுவே அட்டைப்பெட்டி.
அதில் ரிஸ்வானாவின் மாமா கொடுத்த
ஜவுளிக்கடைப் பழைய பில்கள்.
முன்பக்கம் யாரோ எடுத்த லுங்கி இரண்டு, துண்டு ஒன்று.
வெற்றாய்க் கிடக்கும் பின்பக்கம் எங்களுக்கு.

சோனைமுத்து எழுதினான்:
அப்பா வந்தார்.
அவ்வளவுதான்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்
கொத்தனார் மாதிரி.

"எங்கேருந்து? கையில என்ன?"
கேள்வி கேட்கும் முறை அன்றைக்கு ரிஸ்வானாவுக்கு.

இரண்டாம் படி:
அப்பா சிம்மக்கல்லில் புரோட்டா வாங்கி வந்தார்.
"சால்னா?"
சால்னாவும் சேர்ந்தது.
வட்டம் முழுக்க எச்சில் விழுங்கியது.

அப்போது பாலத்தில் ரயில்.
அது போகிறவரை இங்கே யாரும் பேசுவதில்லை,
பேசினாலும் கேட்காது.
கடைசிப் பெட்டி கடப்பதற்குள்
புரோட்டாவை அடித்துவிட்டான்.
சால்னாவையும்.

அப்பா வந்தார்.
நான் தூங்குர மாதிறி கெடந்தேன்.

ரிஸ்வானா ஒன்றும் கேட்கவில்லை.

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தேன்.
இடம் மாறி உட்கார்ந்த ர-வும் ற-வும்
என்னையே பார்த்தன.
மூடினேன். இன்னொரு நாள்.
வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறவர்
"திருத்தவே இல்லையேம்மா" என்பார்.
திருத்தியிருக்கிறான் சார்,
அடித்த இடங்களைப் பாருங்கள்.

கடைசியில் என் முறை.
நானும் எழுத வேண்டும், பிள்ளைகளோடு ஒப்பந்தம் அது.
எங்கப்பாவின் சைக்கிள் பற்றி
ஒன்றேகால் தாள்.
டைனமோ, கேரியர், பிள்ளையார் ஸ்டிக்கர்,
ஒரு பிழை கிடையாது.
ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

ஒச்சம்மா முழங்காலைச் சொறிந்தபடி கேட்டாள்:
"நல்லாருக்கு டீச்சர்.
இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

ரயில் எதுவும் வரவில்லை.
சோனைமுத்து காதிலிருந்து பென்சிலை உருவி
என் பக்கம் நீட்டினான்.
வாங்கிக்கொண்டு
தாளைத் திருப்பினேன்.

வேட்டி ஒன்று.
பாக்கி ரூபாய் எழுபது.