ஆயிரத்துக்கு ஒரு இஞ்சு

பேட்டைப் பட்டறைக்கு
ஒரு நோட்டோடு வந்தார் கிளாட்வின்.
சிலை செய்ய வேண்டும் என்றார்.
சாமியா, தலைவரா என்று கேட்டேன்.
சம்பளம் என்றார்.

நூறு வீட்டின் மாத வரும்படி.
ஆயிரத்துக்கு ஒரு இஞ்சு.
பெயர் கிடையாது, நம்பர்தான்.
நாற்பதடிக் கம்பிகளை
லாரிக்காரன் தெருவை மறித்து இறக்கிப்போட்டான்.

நூறாவது வீட்டுக்கு முப்பத்து மூன்றடி.
சாக்பீஸால் கோடு இழுத்து வெட்டியதும்
ஏழடி மிச்சம் கிடந்தது.
"அது வீணாப் போவாது" என்று நோட்டைப் புரட்டினார்.
மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு சந்து,
பன்னிரண்டு வீடு,
அத்தனையும் அந்த மிச்சத்துக்குள்ளேயே
வந்துவிட்டது.

"உங்க வீடு?" என்றார் போகிறபோக்கில்.
சொன்னேன்.
அதையும் வெட்டினேன்.

பாளையங்கோட்டையில் கண்காட்சி.
மண்டபத்துக் கூரை பதினாலடி.
மேனேஜர் அண்ணாந்து பார்த்துவிட்டு
"மடக்கிருவமா அண்ணாச்சி?" என்றார்.
"மடக்குனா கணக்கு தப்பும்வே."
கடைசியில் படுக்கப் போட்டோம்.
ஜன்னலில் புறப்பட்டு, ஸ்டூல்களில் முட்டுக்கொடுத்து,
வராண்டா தாண்டி, செருப்புகள் தாண்டி,
முருங்கை மரத்தை உரசிக்கொண்டு
ரோட்டோரம் வரை நீண்டது.
எவன் கண்ணையாவது குத்திவிடக் கூடாதே என்று
முனையில் சிவப்புத் துணி கட்டினேன்,
கம்பி லாரிக்குக் கட்டுவதுபோல.

குட்டைக் கம்பிகளைச் சுற்றியும்
கயிறு கட்ட வேண்டியதாயிற்று.
தரையோடு தரையாக நின்றதில்
வந்தவர்கள் தடுக்கினார்கள்.
காலேஜ் வாத்தியார் ஒருவருக்குப்
பெருவிரலில் ரத்தம்.

மைதீன் பாத்து வந்தாள்.
பதினேழாம் நம்பர் எங்கே என்று கேட்டாள்.
கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து, குத்தவைத்து,
பையிலிருந்து ஒரு பீடியை எடுத்து
கம்பியோடு வைத்து அளந்தாள்.
"மூணு பீடி கூட இல்ல."
சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.
பிறகு நீளக் கம்பியில் ஒரு கையை வைத்தபடியே
வெளியே நடந்து போனாள்,
சிவப்புத் துணி வரைக்கும்.
அங்கிருந்து சத்தமாய்க் கேட்டாள்:
"இது யாரு வூடு?"

கிளாட்வின் நோட்டை மூடினார்.
கேட்டில் நின்ற காரின் கதவைத் திறந்துவிட்டு
மேனேஜர் யாருக்கோ
கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு
நாற்பத்தோராம் நம்பருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.
பதினெட்டு இஞ்சு.
பதினாறுதான்.
கேட்டதும் வாய் ரெண்டைக் கூட்டிச் சொல்லிவிட்டது.
பையில் ஹேக்ஸா பிளேடு இருந்தது.
வாட்ச்மேன் லைட்டை அணைக்க வரும் வரைக்கும்
அந்த ரெண்டு இஞ்சைத்
துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.