மூன்றாம் அத்தியாயத்துக் குதிரை

பகலில் படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறேன்.
நியேப்லாவிலிருந்து கொர்ராலுக்கு
ஆளுக்கு இவ்வளவு, சைக்கிளுக்குத் தனி.
மிஞ்சிய சீட்டுகளின் முதுகில்
பதினோரு வருஷமாக ஒரு நாவல்.
வீட்டில் தட்டச்சு செய்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
படித்தவர்கள்: நான்.

என் கணவர் படித்தார் என்று சொல்ல முடியாது.
முதல் வரியில் பெய்யும் மழையைப் பார்த்துவிட்டு
"வெளியே பெய்வது போதாதா, ரொசால்பா?" என்றார்.
வால்டிவியாக்காரர், வேறென்ன கேட்பார்.

சாந்தியாகோவில் ஒரு பெரிய எழுத்தாளருக்கு அனுப்பினேன்.
கிணற்றில் போட்ட கல்.
எட்டு மாதம் கழித்துக் கல் மேலே வந்தது.
கடிதம் இல்லை. முடிச்சு மட்டும் வேறு.
ஒன்பதாம் பக்கத்தில்
ஒரு காபிக் கோப்பையின் வட்டம்.

ஒன்பது பக்கம் தாக்குப்பிடித்திருக்கிறது என் மழை
என்று ஒருநாள் சந்தோஷம்.
கோப்பை வைக்க இடம் தேடியிருப்பார்
என்று மறுநாள்.

பிறகுதான் சலவைக் கடைச் சுவரில்,
காணாமல் போன பூனைக்கும்
காய்ந்த விறகு என்று பொய் சொல்லும் அட்டைக்கும் நடுவே
ஒட்டினேன்:
"நாவலுக்கு ஆள் தேவை.
எழுதத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.
தெரியாவிட்டாலும் வரவும்.
செவ்வாய் இரவு எட்டு மணி.
இங்கே சூடாக இருக்கும்."

தொன் பால்தொமேரோ வந்தார்.
நாற்பது வருஷம் பத்திர அலுவலகத்தில் நகல் எடுத்தவர்.
கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
என் கால்புள்ளிகளை
மீன்முள் போல ஒவ்வொன்றாக உருவித்
தட்டோரம் வைத்தார்.

உலிசெஸ் வந்தான். பத்தொன்பது வயது.
அவன் கதைகளில் இரண்டாம் பக்கத்துக்குள் எல்லோரும் செத்துவிடுவார்கள்.
"உங்கள் நாவலில் ஒருத்தர்கூடச் சாகவில்லையே" என்றான்.
பொறு தம்பி, என்றேன்,
நான் இன்னும் அவர்களுக்குச் சாப்பாடே போடவில்லை.

நோல்ஃபா எங்களுக்காக வரவில்லை.
ஆற்றோரச் சந்தையில் மீன் விற்கிறவள்,
ஏப்ரன்களைத் துவைக்க வந்தாள்.
உலர்த்தி ஒரு காசுக்குப் பன்னிரண்டு நிமிஷம் சுற்றும்.
அந்தச் சத்தத்துக்கு மேலே நான் வாசிக்க வேண்டும்.
அவள் மடித்தாள். கேட்கிறாளா என்று தெரியாது.

ஏழாவது செவ்வாய்,
பதினான்காம் அத்தியாயம், கல்யாண விருந்து,
நானே மெச்சிக்கொண்ட பக்கங்கள்.
வாசித்து நிமிர்ந்தேன்.

"குதிரை என்ன ஆச்சு?" என்றாள்.

எந்தக் குதிரை?

"தேவாலயத்து வாசலில் கட்டிவிட்டு உள்ளே போனானே.
மூன்றாவதில்.
அன்றைக்குப் பிடித்த மழை."

உலர்த்தி நின்றது.
ஆற்றுப் பக்கம் கடற்சிங்கம் ஒன்று கத்தியது.
உலிசெஸ் தாள்களைப் புரட்டினான், முன்னும் பின்னும்.
தொன் பால்தொமேரோ கண்ணாடியைக் கழற்றி,
"குதிரை என் துறை அல்ல" என்றார்.

கதைக்குள் இருபத்திரண்டு வருஷம் ஓடியிருந்தது.
அன்று தொட்டிலில் கிடந்தவள்தான்
இன்று மணப்பெண்.
யாரும் வெளியே வந்து பார்க்கவில்லை.
நானும்தான்.

இரவு இரண்டு மணிக்கு அடுப்பைக் கிளறினேன்.
அறுபத்தோராம் பக்கம்.
கயிறு ஊறி உப்பியிருந்தது.
அவிழ்க்க ஆள் வேண்டுமே என்று
ஒரு பையனை வரவழைத்தேன்,
பெயர்கூட வைக்கவில்லை,
நகத்தாலும் பல்லாலும் அவனே அவிழ்த்தான்.

குதிரை உடனே போகவில்லை.
உடம்பை ஒருமுறை உதறியது.
அப்புறம் நடந்தது,
கல்யாணத்தின் நடுவே, விருந்து மேசை மேலே,
நான் மெச்சிய வாக்கியங்களை மிதித்துக்கொண்டு.
விடிந்தபோது
அதற்குப் பின்னால் எதுவும் நிற்கவில்லை.
நாவல் இப்போது அறுபத்தொரு பக்கம்,
ஒரு பையன்.

அடுத்த செவ்வாய் இதைச் சொன்னேன்.
தொன் பால்தொமேரோ பென்சில் சீவினார்.
"கடைசியில் ஒரு சாவு," என்றான் உலிசெஸ்,
"ஐந்நூற்றைம்பத்தொரு பக்கம்."

நோல்ஃபா தாமதமாக வந்தாள்.
கையில் துணிமூட்டை இல்லை.
காலி உலர்த்தியில் ஒரு காசு போட்டாள்,
சூட்டுக்காக.
நாற்காலியை இழுத்துக்கொண்டு
"ம், படி" என்றாள்.