ஸ்டாப்

சோஹார் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்தோறும்
சவரிராஜைக் கூட்டிப்போவேன்.
மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றது கம்பெனி.
எனக்கு இந்தி நிறைய, அரபி கொஞ்சம்.
போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது
மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

துறைமுகத்தில் பதினாறு வருஷம்
கிரேனுக்குச் சைகை காட்டியவன்.
சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால்
நாற்பது டன் எழும்.
கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க வீசினால்
அந்தரத்தில் அப்படியே நிற்கும்.
பக்கவாதம் அந்த வலது கையையும்
சொற்களையும் வாரிக்கொண்டு
ஒன்றை மட்டும் விட்டுப்போனது.

பேர் என்ன? ஸ்டாப்.
டீயா, தண்ணியா? ஸ்டாப்.
வேம்பாரிலிருந்து லூர்து இமோவில் வருவாள்,
மகளுடைய மார்க்கைப் பாடம் பாடமாகச் சொல்வாள்.
ஸ்டாப், ஸ்டாப் என்பான், கண் நிறைந்து.
அவள் கெமிஸ்ட்ரியோடு நிறுத்திவிடுவாள்.
அப்புறம் எனக்குத் தனியாகப் போன்:
"அண்ணே, அவருக்கு என் மேல என்ன கோவம்?"

பேச்சுப் பயிற்சி தருகிற ஷம்ஸா
சோஹார்க்காரி, வேகமாக நடப்பவள்.
அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்காதே என்றாள்.
வீட்டில் எல்லாக் கதவும் இறுகிப்போச்சு,
இந்த ஒரு ஜன்னல்தான் திறக்குது,
எல்லாரும் இது வழியாத்தானே வரணும்?
குரல் ஏறுதா இறங்குதா, அதைக் கேள்.
கேள்வி கேட்டால் பத்து எண்ணு.
நீ பதில் சொல்லிவிடாதே.

மூன்றிலேயே எனக்கு வாய் அரித்தது.

காத்திருக்கும் அறையில் சுஹைல், நாலு வயசு,
இன்னும் ஒரு சொல் பேசாதவன்.
அவன் அப்பாவின் சாவிக்கொத்து தரையில் கிடந்தது.
சவரி இடது விரலை உயர்த்திச் சுழற்றினான்.
பையன் பார்த்தான்.
மறுபடி சுழற்றினான்.
நான் சாவியைத் தூக்கினேன்.
உள்ளங்கை விரிந்தது, நிறுத்தினேன்.
அரை மணி நேரம் நான்தான் கிரேன்.

அடுத்த செவ்வாய் சுஹைல்
அப்பாவின் முன்னால் போய் நின்று
விரலை உயர்த்திச் சுழற்றினான்.
அவருக்குப் புரியவில்லை.
"தூக்கச் சொல்றான்" என்றேன் அரபியில்.
அந்த வருஷம் நான் செய்த
ஒரே மொழிபெயர்ப்பு.

வீட்டில் புழங்குகிற சொற்களை லூர்து சொல்ல,
நான் திருப்பிச் சொல்ல,
ஷம்ஸா அரபி எழுத்தில் அட்டையில் எழுதிக்கொண்டாள்.
வீட்டுப் படத்தைக் காட்டி "ஃபீது" என்றாள்.
சவரி முகத்தைச் சுளித்தான்.
"ஃபீது."
இடது கையால் மேஜையை ஓங்கித் தட்டி
"டு!" என்றான். "டு!"
பதினோரு வாரத்தில் ஸ்டாப் அல்லாத முதல் சத்தம்.
அவள் தலை குனிந்து குறித்துக்கொண்டாள்.
அப்புறம் வண்டி "ஃபண்தி" ஆனது,
கட்டில் "கத்தில்" ஆனது.
ஒரு நாள் காரிடாரில் தனியாக நடந்துகொண்டே
"வீடு, கட்டில்" என்று அவள்
சுத்தமாகச் சொல்லிப் பார்த்தது காதில் விழுந்தது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவனிடம் முப்பது சொல் இருக்கலாம்.
சில நாள் இருபது.
உப்பு வருகிறது, சோறு வருவதில்லை.
நேற்று லூர்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.
போனில் அவள் எண்ணுவது கேட்டது,
மூச்சுக்குள், ஆறு, ஏழு.
"ஸ்டாப்" என்றான்.
"மீன் குழம்பு நல்லா இல்லையாக்கும்" என்று சிரித்தாள்.
நல்லாத்தான் இல்லை. நான் வைத்தது.

என் பேர் இன்னும் வாய்க்கு வரவில்லை.
சாவி என்கிறான்.
கேம்ப் முழுக்க இப்போது அதுதான் என் பேர்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணி வேண்டும்போது
இருட்டில்,
"ஏய் சாவி."
வர்றேன், இரு.