வசனமில்லாத இடம்

இருட்டுக்குப் பயந்த ஒருத்தியைப் பற்றிய பேய்ப்படம்.
நூற்றுப் பன்னிரண்டு நிமிடம்.
தமிழில் வசன வரி எழுதித் தர
எனக்குப் பதினொரு நாள்.

வீட்டில் வேறு இடமில்லை.
இரவு வேலை முடித்துவந்து பகலெல்லாம் தூங்குவார் தவநேசன்.
கூடத்தில் மகளுக்கும் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் தீராத சண்டை.
ஆகவே புகலறை.
போர் வந்தால் ஒளிந்துகொள்ள
வீவக கட்டிக்கொடுத்த இரும்புக் கதவறை.
போர் வரும்வரை
அரிசி மூட்டை, பயணப்பெட்டிகள், தீபாவளி விளக்குச் சரம்,
ஒரு பிளாஸ்டிக் முக்காலி, நான்.
விளக்கை அணைத்துவிடுவேன்.
படம் அவ்வளவு கறுப்பு;
வெளிச்சமிருந்தால் திரையில் என் முகம்தான் தெரியும்.

சிங்கப்பூரில் இருட்டு எளிதில் கிடைக்காது.
மாலை ஏழுக்குத் திறக்கும் நடைபாதை விளக்குகள்
காலை ஏழுக்குத்தான் கண் மூடும்.
கீழ்த்தளத்துப் பூனைக்கு நான்கு நிழல்.
நங்கூரமிட்ட கப்பல்களால் கடலும் மஞ்சள்.
என் மகள் இருட்டைப் பார்த்ததேயில்லை,
ஆனாலும் பயப்படுகிறாள்.
வேண்டுமென்றால் பதினான்கு வெள்ளி கொடுத்து
யீஷூன் தியேட்டரில் வாங்கிக்கொள்ளலாம்.
சோளப்பொரி தனி.

படத்தில் அவளுக்கு ஒரே சொல்.
பத்தொன்பது முறை அதையே சொல்கிறாள்.
என்னிடம் இருட்டு, இருள், கும்மிருட்டு, மையிருட்டு,
கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு.
வரிக்கு முப்பத்தேழு எழுத்துதான் அனுமதி.
பேச்சுத்தமிழ் கூடாதென்பது நிறுவனத்தின் விதி.
அதனால் தொண்டை கிழிய அலறுகிறவளும்
"ஐயோ, விளக்கு அணைந்துவிட்டது" என்று
செய்தி வாசிக்கிறாள்.

ஒரு மணி, ஏழு நிமிடம், பதினான்காம் விநாடி.
சுரங்கப் படிக்கட்டு. டார்ச்சில் பேட்டரி செத்துவிட்டது.
திரை முழுக்கக் கறுப்பு, மூச்சு மட்டும்.
நாற்பது விநாடிக்கு யாரும் பேசுவதில்லை.
எழுத ஒன்றுமில்லாத இடம்.

அங்கே ஒரு வரி இருந்தது.

*கொஞ்சம் தள்ளி உக்காரு.*

நான் எழுதவில்லை.
தூக்கக் கலக்கம் என்று அழித்தேன்.
தேநீர் கலக்கிக்கொண்டு வந்தேன்.
இருந்தது.
தொழில் புத்தியை என்ன சொல்ல,
பயம் வருவதற்குள்
'உக்காரு' கூடாதே என்றுதான் தோன்றியது.
மறுபடி அழித்தேன்.

மூன்றாம் முறை:

*சற்றுத் தள்ளி அமருங்கள்.*

விதிமுறையைப் படித்திருக்கிறது.
எண்ணிப் பார்த்தேன்.
இடைவெளி, முற்றுப்புள்ளி சேர்த்துப் பதினாறு.

படத்தை நிறுத்தினேன்.
மூச்சு நிற்க
அரை விநாடி கூடுதலாக ஆனது.

கத்தியிருக்கலாம்.
குண்டு விழுந்தாலே வெளியே கேட்காத சுவர்.
கதவைத் திறந்திருக்கலாம்.
கதவுக்கும் எனக்கும் நடுவில் இரண்டடி,
அந்த இரண்டடியும் கறுப்பு.
முக்காலியை நகர்த்திக்கொண்டேன்.
பக்கத்தில் அரிசி மூட்டை
மெல்ல அமுங்கியது.
உள்ளே அரிசி சரிந்து இடம்விடும் சத்தம்.

மீதி நாற்பத்தைந்து நிமிடத்தை
இருவருமாகத்தான் முடித்தோம்.
இரண்டு சந்திப்பிழை
அது காட்டித் திருத்தியது.
வசனமில்லாத நிமிடங்களுக்கும் சேர்த்தே
பணம் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவுக் காட்சிக்கு
மகளை ரொக்கியா அக்கா வீட்டில் விட்டேன்.
"அப்பாவுக்குத்தான் வேலையாச்சே,
எதுக்கு ரெண்டு டிக்கெட்?" என்றாள்.
காலணி வாரை மாட்டிக்கொண்டிருந்ததால்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஒரு மணி, ஏழு நிமிடம், பதினான்கு.
பின்வரிசையில் எவனோ
பயத்தை மறைக்கச் சிரித்தான்.
திரையில் ஓர் எழுத்தும் இல்லை.

கைப்பிடியில் இருந்த முழங்கையை
எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.