இரண்டாயிரம் வாட்ஸ்

பணகுடியில் மோட்டார் காயில் கட்டுகிறவன் நான்.
காற்றைப் பற்றிப் பேச உனக்கென்ன அருகதை என்றால்,
கணவாய்க்குக் கீழே நாற்பத்தாறு வருஷம்
சோற்றோடு மண்ணும் சேர்த்துத் தின்றவன்,
அவ்வளவுதான்.

தவசிக்கனி மாடியில் புதிதாக ஒன்று சுற்றுகிறது.
மூன்று இறக்கை, வெள்ளை, வாலில் நீல மின்னல்.
வந்த பெட்டியில் கொட்டை எழுத்து: 2000 வாட்ஸ்.
டை கட்டிய பையன் ஒருவன்
"ஏசியே ஓடும் அண்ணாச்சி" என்று சொல்லி
ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனான்.

"சும்மா ஒரு பார்வை பாரும்வே" என்று கூப்பிட்டார்.
இந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி,
அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வேம்பு.
இரண்டிலும் முட்டிக்கொண்டு
குடித்தவன் வீடு தேடுவதுபோல வந்தது காற்று.
வாலும் அதன் பின்னாலேயே
திரும்பித் திரும்பி அலைந்தது.

பேட்டரி வயரில் மீட்டரை மாட்டினேன்.
ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினேன்.
முப்பத்தொன்று.
தட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு.
ஒரு வீச்சு வந்தது, நூற்றுத் தொண்ணூறு!
"பாத்தீரா, பாத்தீரா" என்று அவர் குதித்து முடிப்பதற்குள்
பதினாறு.

மேற்கே பெரிய காத்தாடிகள்
பனை உயரத்துக்கு மேல் இன்னும் நாலு பனை உயரத்தில்
அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.
அங்கே வேம்பு கிடையாது, தொட்டி கிடையாது.

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டேன்.
நாலடி விட்டம். அந்த வட்டத்துக்குள் வருகிற காற்றைத்தான்
இது தின்ன முடியும், அதையும் முழுசாக அல்ல.
வேகம் பாதியானால் கரண்ட் பாதியாகாது,
எட்டில் ஒன்றாகும். இதைப் பையன் சொல்லவில்லை.
இரண்டாயிரம் வர வேண்டுமென்றால்
மணிக்கு எழுபத்தேழு கிலோமீட்டர்,
விடாமல்.
"அந்தக் காத்துல களக்காட்டு வாழையெல்லாம் படுத்துரும்.
உம்ம மாடித் தகரம் நாங்குநேரில கெடக்கும்.
அப்ப ஏசி போட்டுக்கிடலாம்."

அவர் சிரிக்கவில்லை.
மாடிக் கதவைச் சாத்தினார்.
"மெதுவாப் பேசும். கீழ மச்சினன் இருக்கான்."
பத்திரிகையை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்,
மணமக்கள் பெயர் வெளியே தெரிய.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவர் குரல்:
"பில்லு பாதியா கொறைஞ்சிட்டுல்லா!"
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
ஏமாந்தவன் முகம் அது. எனக்குத் தெரியும்,
போன வருஷம் சீட்டுக் கம்பெனிக்காரன் போனபிறகு
என் கண்ணாடியில் பார்த்த முகம்.
கிளாஸ் கையில் இருந்தது.
நான் டீயை ஊதினேன்.

ஆவணிக்குள் அதே தெருவில் இன்னும் இரண்டு ஏறிவிட்டன.

நான்காவதற்கு முன்பணம் எடுத்து வைத்திருந்தவள்
எஸ்தர் ஜெபராணி, ஆஸ்பத்திரி நர்ஸ்.
பழுதான மிக்சியோடு கடைக்கு வந்தவள் கேட்டாள்:
"இதுல ஃபேன் ஓடுமாண்ணே?"
"காத்து அடிச்சா ஓடும்."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"காத்து அடிச்சா எனக்கு ஃபேன் எதுக்கு?"
மிக்சிக்குக் கூலி வாங்கவில்லை நான்.
அவள் ஏன் என்று கேட்டாள்,
சொல்ல வாய் வரவில்லை.
முந்தின இரண்டு வீட்டுக்காரர்களும்
அன்றைக்கு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது ஐப்பசி. இலை அசையவில்லை.
மூன்று மாடியில் மூன்று வால்,
மூன்று திசையைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன,
காற்று எந்தப் பக்கமென்று
தனக்கு மட்டுமே தெரியும் என்பதுபோல.
தவசிக்கனி வீட்டில் டியூப்லைட் நன்றாக எரிகிறது.
வாசல் சுவரில் பழைய மீட்டர்
சத்தமில்லாமல் ஓடுகிறது.