ஒன்றுக்குப் பூஜ்யம்

ஐம்பத்தொன்று, மார்ச், சனிக்கிழமை.
டில்லியில் ஆசியப் போட்டியின் கடைசி ஆட்டம்.
எனக்கு இரண்டாம் ஷிப்ட்.

தறிக்கூடத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது.
பெண்டாட்டியின் பிரசவம் முதல் பீடிக் கடன் வரை
உதடு பார்த்துத்தான்.

சுண்டுவிரல் காட்டிவிட்டு வெளியே போன
பாபின் பையன் சூசைநாதன்
சுவரேறிக் குதித்து, ஓட்டேரி நாலா தாண்டி,
பார்க் ரேடியோ வரை ஓடியிருக்கிறான்.

திரும்பி வந்து பஞ்சுத்தூசியில் நின்றான்.
ஒரு கையில் ஆள்காட்டி விரல்.
மறு கையில் முட்டை.

யாருக்கு? வாயைப் பிளந்தேன்.
ஈரானுக்கு என்ன சைகை?
இந்தியாவுக்குத்தான் என்ன?
கொஞ்சம் யோசித்தான்.
தூணைப் பிடித்துக்கொண்டு
வலது காலைத் தூக்கி
உள்ளங்காலைக் காட்டினான்:
தார் ஒட்டியது, வெடித்தது,
வியாசர்பாடி மைதானத்துக் கண்ணாடிச் சில்லு கிழித்தது.

பூட்ஸ் போடாத கட்சி.
நாங்கள்.

அடுத்த தறி வரதப்பன் பார்த்துவிட்டான்.
அவனைப் பார்த்து கன்னியப்பன்.
மேஸ்திரி வந்து சேரும்வரை
வரிசையாக, தறிக்குத் தறி,
ஒரு கால் எழுந்து இறங்கிற்று.

என் பாவில் ஓர் இழை அறுந்ததை
நான் கவனிக்கவில்லை.
நாலு முழம் ஓடிவிட்டது கோடு.
அபராதம் ஆறணா. காரணம்: அஜாக்கிரதை.
எழுதட்டும்.

கழிவு விலைக்குப் போயிருக்கும் அந்தத் துணி.
யாரோ சட்டை தைத்துப் போட்டிருப்பார்.
முதுகில் நெடுக ஒரு நூல் குறைவு.
வெயிலுக்கு எதிரே நின்றால் தெரியும்.