நானூற்று இருபது டிக்

ஒன்பதரைக்கு என்றிருந்தேன்.
ஒன்பதரைக்குத் திரையில் நானும் என் நெற்றியும் மட்டும்.
ஒன்பது நாற்பதுக்குப் பெனடிக்டா,
தாதி உடுப்பை மாற்றாமலே,
மடியில் வயலின், வாயில் பாதி ரொட்டி.
பிறகு ஹைக்கல், பேஸ் கிட்டாரோடு.
அவன் முதுகுக்குப் பின்னால் தங்கை இஸ்திரி போடுகிறாள்.
பொங்கோலிலிருந்து கணக்காளர் சிவநேசன்
"எத்தனை கட்டை?" என்று கேட்டவர்
திறந்த வாயோடு உறைந்து நின்றார்
நான்கு நிமிடம்.

ஆதி தாளத்துக்கு எத்தனை அடி என்றாள்
கீழ்வீட்டு சியூ ஹொங், குச்செங் நரம்பை முறுக்கியபடி.
எட்டு என்றேன்.
எட்டு நல்ல எண், சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

சேர்ந்து ஒரே ஒருமுறை வாசித்துப் பார்த்தோம்.
எனக்கு நான் முந்தி, மற்றவர் பிந்தி.
அவர்களுக்கு அவரவர் முந்தி.
ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில்
கடல் வந்துவிடுகிற தீவு இது.
இதற்குள் ஒரு ஸட்ஜம் போய்ச் சேர
இத்தனை நேரமா என்று சிரித்தாள் பெனடிக்டா.
உதடு மூடிய பிறகுதான்
சிரிப்பு வந்தது.

ஆகவே தனித்தனிப் பதிவு.
எல்லாருக்கும் ஒரு கோப்பு அனுப்பினேன்:
ஐந்து நிமிடம், நானூற்று இருபது டிக்,
வேறு எதுவும் இல்லை.
சுத்த சாவேரி. இரண்டு கட்டை.
ஞாயிறு இரவுக்குள். தயவுசெய்து
எம்பி3 வேண்டாம்.

ஞாயிறு போனது. திங்கள்.
துவாஸ் தங்குவிடுதியிலிருந்து
பாண்டித்துரையின் கஞ்சிரா மட்டும் பாக்கி.
நினைவூட்டினேன், ஒரு சிரிப்புமுகம் வைத்து.
மறுநாள் சிரிப்புமுகம் வைக்காமல்.
"மழைக்கா, தோல் தொங்கிடுச்சு,
காயட்டும்" என்றான்.

புதன், அதிகாலை இரண்டு பதினொன்று.
வந்தது.
மின்விசிறி. இரும்புக் கட்டில் ஒன்று கிறீச்சிட,
"டேய், ஆறு மணிக்கு லாரிடா!"
ஒரு மௌனம்.
அப்புறம் விரல்நுனியால் மட்டும்,
யாரோ தூங்குகிற குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோல,
கால் அடி தாமதமாக, கடைசிவரை
அதே கால் அடி தாமதமாக.
மூன்றாம் நிமிடத்தில் ஒரு குறட்டை
சரியாகச் சமத்தில் விழுகிறது.

இரைச்சலை எடுத்துவிடுங்கள் என்றார் சிவநேசன்,
அதற்கென்று மென்பொருள் இருக்கிறது.
எடுத்தேன். குறட்டையோடு விரலும் போய்விட்டது.
மிஞ்சியது பிஸ்கட் டின்.
திரும்ப வைத்தேன்.

இரண்டு இரவு, பச்சைப் பச்சையாய் அலைகள்.
பந்தியில் ஆள் உட்கார வைப்பது போலத்தான்:
நீங்கள் கொஞ்சம் இப்படி, அண்ணே,
ஹைக்கல், நீ இன்னும் ஒரு மயிரிழை,
கஞ்சிராவுக்கு இலை போடுங்கள்.
எல்லாரும் அமர்ந்த பின்னும் ஏதோ இடித்தது.
ஒவ்வொருவராய் வாயடைத்துக் கேட்டேன்.
வயலின் இல்லை. குச்செங் இல்லை.
என் குழல்தான்,
நாலாவது ஆவர்த்தனத்திலிருந்து ஓடுகிறது,
கடைசிப் பேருந்தைப் பிடிக்கிறவள் மாதிரி.

விடியற்காலை நான்கு மணிக்கு
பதினோராம் மாடியில் யார் குழல் ஊதுவது?
என் சத்தத்தைக் குறைத்தேன், இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.
கிளிக்கை அணைத்தேன்.
ஊன்றிய சாரம் கழன்ற பின்னும்
சுவர் நின்றது, லேசாய்ச் சாய்ந்து.
அனுப்பினேன்.

ஆறே காலுக்கு ஒரு குரல் பதிவு.
காற்று, விரைவுச்சாலை, ஒரு கைபேசியைச் சுற்றி
லாரி நிறைய ஆட்கள்.
சத்தமா வைடா என்கிறான் ஒருவன்.
ஏய், அது என் குரல்டா என்கிறான் இன்னொருவன்.
"அக்கா, இவன் செல்லையா,
பேரு போடணுமாம்."

பட்டியலைத் திறந்தேன்.
குழலுக்கு எதிரே என் பெயர்,
அதற்குக் கீழே:
செல்லையா, குரல்.